தொடை இடுக்கில் இறங்கிய சினைப்பை: கறுப்பு வெள்ளைப் படமா, கலர் டாப்ளரா?

கைக்குழந்தை, பெண். தொடை இடுக்கில் பாதாம் பருப்பு அளவில் ஒரு கட்டி, தொட்டால் நழுவுகிறது, ஆனால் உள்ளே போக மாட்டேன் என்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ப்ரோபை (உடல்மேல் வைக்கும் கருவியை) வைத்ததும், ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளருக்காகக் கலர் பொத்தானை அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். நான் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தை நம்பித்தான் முடிவு சொல்கிறேன், டாப்ளர் அப்புறம்தான்.

முக்கியக் காரணம் குழந்தையின் அழுகை. அழும்போது வயிற்றழுத்தம் கூடி, ஒளிந்திருக்கும் ஹெர்னியாகூட (வயிற்றுக்குள் இருக்க வேண்டியது இடுக்கு வழியே இறங்குவது) வெளியே பிதுங்கும், அதனால் சாதாரணப் படத்துக்கு அழுகை உதவிதான். டாப்ளரிலோ குழந்தை ஒரு உதை விட்டால் திரை முழுக்கச் சிவப்பும் நீலமுமாகத் தெறிக்கும், அதில் எது ரத்த ஓட்டம், எது அசைவு என்று பிரிக்கவே முடியாது. ஜெல்லைத் தாராளமாக விட்டு, தோலுக்கு அருகில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும் ஹை ஃப்ரீக்வென்ஸி லீனியர் ப்ரோபை அழுத்தாமல் வைத்தால் முட்டை வடிவத்தில் ஒரு திசு தெரியும், அதன் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அளவில் வட்ட வட்டமாகக் கறுப்புப் புள்ளிகள். அவைதான் ஃபாலிகிள்கள், அதாவது சினைமுட்டை இருக்கும் சின்ன நீர்ப்பைகள். பிறந்த முதல் சில மாதங்களில் ஹார்மோன் ஏற்றம் இருப்பதால் இவை நன்றாகவே தெரியும். நெறிகட்டி என்றால் நடுவில் வெள்ளையாக இருக்கும், நக் கால்வாயில் (பெண் குழந்தையின் தொடை இடுக்கில் மூடாமல் நின்றுவிட்ட சின்னப் பையில்) நீர் கோத்திருந்தால் வெறும் கறுப்பு, குடல் என்றால் காற்றும் அசைவும். பிறகு கட்டியின் கழுத்தை மேலே வயிறு வரை தொடர்ந்து போய், பால் கொடுத்துச் சிறுநீர்ப்பை நிறைந்ததும் இடுப்புக்குள் அந்தப் பக்கத்துச் சினைப்பை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காணோம் என்றால் சந்தேகம் உறுதியாகிவிடும்.

டாப்ளர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சினைப்பை முறுக்கிக்கொண்டதா என்ற கேள்வி வந்தால் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இருக்கலாம், இத்தனை சின்ன உறுப்பில் ஓட்டம் தெரியாமல் போவதும் சகஜம். மறுபக்கத்தைவிடப் பெரிதாக வீங்கி, தொட்டால் குழந்தை வீறிட்டால், கலர் வந்தாலும் வராவிட்டாலும் உடனே குழந்தைகள் அறுவை மருத்துவரைக் கூப்பிடுவேன். ப்ரோபால் அமுக்கி உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டாம்.

ஃபாலிகிளே இல்லை, ஒரே சீரான திசு, அதுவும் இரு பக்கமும் என்றால் நிதானியுங்கள், அது விரையாகவும் இருக்கலாம். ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனுக்கு உடல் இணங்காத நிலையில், உள்ளே விரை இருந்தும் வெளியே பெண்ணாகத் தோன்றும் குழந்தைகளிடம் இதைப் பார்க்கலாம், அவர்களுக்குக் கருப்பை இருக்காது. அதனால் கருப்பை இருக்கிறதா என்று தேடிவிட்டு, பெற்றோரிடம் ஸ்கேன் அறையிலேயே அரைகுறையாக எதையும் சொல்லாமல், மருத்துவரிடம் நேரில் பேசுவது நல்லது.

பெரியவர்களிடம் நான் இதைப் பார்த்தது மிகக் குறைவு. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஃபாலிகிள் அடையாளம் கைகொடுக்காது, அங்கே என் வாதம் எடுபடாது, சிடியோ எம்ஆர்ஐயோ தேவைப்படலாம்.

ரிப்போர்ட்டில் வெறுமனே ‘ஹெர்னியா’ என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். உள்ளே சினைப்பை இருக்கிறது, அமுக்கினால் போகவில்லை என்று எழுதியிருந்தால்தான் ஆபரேஷன் தேதியை முன்னால் கொண்டுவருவார்கள்.