கழற்றாத மோட்டருக்கு 21,500 ரூபாய்

திருகோணமலையில் பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். பவர் ஷட்டர், அதாவது மோட்டரில் ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி, மெதுவாக ஏறுகிறது என்று ஒரு கராஜுக்குப் போய் 21,500 ரூபாய் கட்டிவிட்டு வந்தவன் நான். கராஜின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

கார் 2008 டொயோட்டா விட்ஸ். பிரச்சினை இடது முன் கதவில். கண்ணாடி இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. ஏறும்போதுதான் கோணேசர் கோயிலுக்கு வெயிலில் மலை ஏறுபவர் மாதிரி நின்று நின்று வரும். கடைசி ஒரு சாண் ஏறவே ஏறாது. மனைவி இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் அழுத்தித் தூக்கிவிட்டால் ஏறிவிடும். மோட்டரில் பிழை இல்லாமலும் இருக்கலாம் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வீடு உப்புவெளியில், ஓட்டம் முழுக்க நிலாவெளி வீதியில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த வீதியில் கண்ணாடியைத் திறந்து வைத்து ஓடினால் காதுக்குள்ளும் மண்தான். கதவு ரப்பருக்குள் போயிருக்காதா?

கராஜில் பாஸ் சுவிட்சை மேலும் கீழுமாக விடாமல் அழுத்தினார். பத்துப் பதினைந்து தரம் இருக்கும். மோட்டர் ஒரேயடியாக நின்றுவிட்டது. “பாத்தீங்களா தம்பி, மோட்டர் செத்துட்டு. மாத்தத்தான் வேணும்” என்றார். நானும் தலையாட்டினேன். இப்படியான மோட்டர்கள் பலவற்றுக்குள் சூடு கூடினால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்பு இருக்கிறது, கொஞ்ச நேரம் ஆறவிட்டால் திரும்ப ஓடும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள வாகன உதிரிப்பாகக் கடைகளிலிருந்து ரீகண்டிஷன் மோட்டர் எடுக்க வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார். மோட்டர் 17,000, கூலி 4,500. மூன்றாம் நாள் போனேன். கண்ணாடி வெண்ணெய் மாதிரி ஏறியது, சந்தோஷமாகக் காசைக் கொடுத்தேன். பழைய மோட்டர் எங்கே என்று கேட்டதற்கு, குப்பையில் போட்டாயிற்று என்றார். பில் கேட்டதும் ஒரு கொப்பித் தாளைக் கிழித்து “ஷட்டர் வேலை 21,500” என்று எழுதித் தந்தார்.

மூன்று கிழமை போகவில்லை. முன்பைவிட மோசமாக இறுகியது. அப்புறம் ஐப்பசியின் முதல் மழைக்கு அந்தப் பக்கத்துக் கால்மிதி ஊறிப்போயிற்று. பள்ளத்தில் விழும்போதெல்லாம் கதவுக்குள் கடகடவென்று சத்தம் வேறு. திரும்பப் போனால், “ரீகண்டிஷன் சாமானுக்கு வாரண்டி இல்லை தம்பி. சுவிட்சையும் மாத்திப் பாப்பம், ஒரு 9,000 வரும்” என்கிறார்.

சுவிட்சை மாற்றாமல் வந்துவிட்டேன். என் சகலன் கட்டாரில் வாகன மின்வேலை செய்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் வைத்துக் கதவின் உள் மட்டையைக் கழற்றினார். மூன்று கிளிப்பைக் காணவில்லை, கடகட சத்தம் அதனால்தான். தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற பிளாஸ்டிக் தாள் பாதி கிழிந்து தொங்கியது. மோட்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளில் கடற்காற்றுத் துரு அப்படியே இருந்தது, ஸ்பனர் பட்ட தடயம்கூட இல்லை. மோட்டருக்குப் போகும் வயரில் நீல டேப். இரண்டு வருடத்துக்கு முன் கதவுப் பூட்டைத் திருத்தும்போது அவரே சுற்றிய டேப் அது. “அண்ணன், இது உங்கட பழைய மோட்டர்தான்” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு மோட்டரை மட்டும் ஓடவிட்டோம். விறுவிறென்று ஓடியது.

அப்படியென்றால் மூன்று கிழமை எப்படி நன்றாக ஏறியது? கண்ணாடி ஓடுகிற ரப்பர் பள்ளத்துக்குள் விரலை விட்டால் கறுப்புச் சேறு. கிறீஸைக் கொட்டிவிட்டிருக்கிறார்கள். கிறீஸ் போட்டதும் கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறியது, நான் அதைப் புது மோட்டர் என்று நினைத்தேன். பிறகு மண்ணும் தூசும் அதில் ஒட்டி அரைத்த மா மாதிரி ஆகிவிட்டது. கதவுக்குள் கண்ணாடியைத் தூக்கும் இரும்புத் தண்டவாளத்துக்குக் கிறீஸ் சரி. ரப்பருக்கு ஆகாது, ஊறிப் பொருமிவிடும். என் ரப்பரும் ஓரிடத்தில் பொருமியிருக்கிறது, எப்படியும் அடுத்த வருடம் மாற்றவேண்டி வரும்.

சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து, பழைய பல் தூரிகையும் கொண்டு ஒரு மணித்தியாலம் பள்ளத்தைத் துடைத்தோம். நன்றாகக் காயவிட்டு சிலிக்கோன் ஸ்பிறே அடித்தோம். கதவுக்குள் புதுப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினோம். எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்கூட வரவில்லை. கண்ணாடி இப்போது வலது பக்கம் மாதிரியே ஏறுகிறது.

உங்கள் கார் இப்படி இழுத்தால், கராஜுக்குப் போகுமுன் கையால் தூக்கிவிட்டுப் பாருங்கள். இறங்குவது சரி, ஏறுவது மட்டும் கஷ்டம், தூக்கினால் ஏறுகிறது என்றால் முதல் சந்தேகம் ரப்பர் பள்ளம். சுவிட்சை அழுத்தும்போது உள்விளக்கு மங்கினால் மோட்டருக்குக் கரண்ட் போகிறது, பாரத்தை இழுக்கத்தான் திணறுகிறது. விளக்கும் மங்காமல் கண்ணாடியும் அசையாமல் இருந்தால் சுவிட்சையோ, கதவு மடிப்பில் வளைந்து வளைந்து அறும் வயரையோ பார்க்கச் சொல்லலாம். மோட்டர் மாற்றத்தான் வேண்டும் என்றால், பழையது கைக்கு வரவேண்டும் என்று வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். நான் காசு கொடுத்த பிறகு கேட்டேன்.

போட்டோக்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். பாஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பெடியன்கள் மாறிச் செய்திட்டாங்கள்” என்று 10,000 ரூபாயை எடுத்துத் தந்தார். மிச்சம் தீபாவளிக்குப் பிறகு என்றார். தீபாவளியும் போயிற்று, தொலைபேசியை அவர் எடுப்பதாயில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுக்கலாம் என்று பார்த்தால், பில்லில் கராஜின் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. தாளின் பின்பக்கத்தில் மட்டும் யாரோ ஒரு பிள்ளை பென்சிலால் ஏழாம் வாய்ப்பாட்டை அழகாக எழுதியிருக்கிறது.