சங்கக் கடனும் வாரக் கடனும்: இரண்டையும் வாங்கிப் பார்த்தவள் எழுதுவது

ஃபோனுக்கு, மிக்ஸிக்கு, பிரியாணிக் கடைக்கு எல்லாம் விமர்சனம் எழுதுகிறார்கள், கடனுக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. வாங்கினோம் என்று வெளியே சொல்லக் கூச்சம், வேறென்ன. எனக்கு அந்தக் கூச்சம் 2023லேயே போய்விட்டது, எப்படிப் போனது என்பது கீழே வரும். அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன், மாசி பங்குனியில் புளி தட்டவும் போவேன். மகளிர் சுய உதவிக் குழு வழியாக வங்கியில் கடன் வாங்கியிருக்கிறேன், வீட்டு வாசலுக்கே வந்து தனியார் நிதி நிறுவனம் கொடுத்த குழுக் கடனும் வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊரில் முதலாவது சங்கக் கடன், இரண்டாவது வாரக் கடன். இப்போது தவணை மாதாமாதம்தான், ஆனாலும் வாரக் கடன் என்ற பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டிலும் நகை வேண்டாம், பட்டா வேண்டாம், ஜாமீன் கையெழுத்துப் போட வீட்டு ஆம்பிளை வேண்டாம். அப்படியானால் எதை நம்பிக் கொடுக்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரி நம்மைப் பற்றி என்ன நினைப்பாளோ என்ற பயத்தை நம்பித்தான். அரசாங்கத் தாள்களில் இதற்குச் சமூக ஒருங்கிணைப்பு, சமூக மூலதனம் என்றெல்லாம் பெரிய பேர் இருக்கிறது. எங்களுக்கு அது முகதாட்சண்யம். அதை இரண்டு கடனும் எப்படிப் புழங்குகின்றன என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது, வட்டிக் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் சங்கம். இந்த விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் ஆரம்பித்தது தருமபுரியில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்திய திட்டம் அது. நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கிற சோதனையை 500 குழுக்களோடு 1992இல் தொடங்கியது, தருமபுரியில் ஆரம்பித்த திட்டம் 1997-98இல் மகளிர் திட்டம் என்ற பேரில் மாநிலம் முழுக்கப் போக ஆரம்பித்தது. என் அம்மா அந்த ஆரம்பகாலக் குழு ஒன்றில் இருந்தவள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே சங்கத்தில்தான் என்பாள். அதற்கு முன் வங்கிக்குள் போயிருக்கிறாயா என்று கேட்டால், வாசலில் நிழலுக்கு உட்கார்ந்திருக்கிறேன் என்பாள்.

என் சங்கம் 2009இல் ஆரம்பித்தது, 12 பேர். 20 பேருக்கு மேல் சேர்க்க மாட்டார்கள், அதற்கு மேல் போனால் பழைய கம்பெனிச் சட்டப்படி தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று எங்கள் ஊக்குநர், அதாவது சங்கத்தை முன்னின்று நடத்துகிறவர், சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் மாதம் 50 ரூபாய் சேமிப்பு, இப்போது 200. சேர்ந்த அன்றைக்கே கடன் கிடைக்கும் என்று நினைத்து வருபவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள், ஏனென்றால் முதல் ஆறு மாதம் கூடுவது, காசு போடுவது, தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது, அவ்வளவுதான், இதற்கா பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தோம் என்று தோன்றும். பயிற்சியில் இதைப் பஞ்ச சூத்திரம் என்பார்கள்: ஒழுங்காகக் கூடு, சேமி, உள்ளுக்குள் கடன் கொடு, திருப்பிக் கட்டு, கணக்கு எழுது. எனக்கு அப்போது சலிப்பாகத்தான் இருந்தது. பிறகு புரிந்தது. அந்த ஆறு மாதத்தில் யார் சொன்ன நாளில் வருவாள், யார் ஒவ்வொரு தடவையும் சில்லறை இல்லை என்பாள், யாருடைய புருஷன் சேமிப்புப் பணத்தைப் பிடுங்கிக்கொள்வான் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எந்த வங்கி மேனேஜருக்கும் இது தெரியாது.

உள்கடனுக்கு நாங்கள் வைத்த வட்டி நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். அதிகமாகத் தெரியும், ஆனால் அந்த வட்டி சங்கத்துக்கேதான் வருகிறது, சங்கம் என்றால் நாங்கள்தானே. அப்புறம் சங்கம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிற தர மதிப்பீடு, சங்கத்துக்குள் சுற்றிவிடக் கொடுக்கிற சுழல் நிதி, வங்கிக் கடன் என்று படிப்படியாகப் போனது. 2024இல் சங்கத்துக்கு 3 லட்சம் வந்தது, ஆளுக்கு 25 ஆயிரம் பிரித்துக்கொண்டோம். அப்போது 3 லட்சம் வரை 7 சதவீத வட்டிதான். இரண்டு வருஷத் தவணைக்கு என் பங்குக்கு மொத்த வட்டி ஏறக்குறைய 1,900 ரூபாய். இதே 25 ஆயிரத்தை வாரக் கடனாக 24 சதவீதத்தில் வாங்கியிருந்தால் 6,700 ரூபாய் ஆகியிருக்கும், அதுவும் எடுத்தவுடனே பிடித்துக்கொள்கிற கட்டணத்தையும் இன்சூரன்ஸையும் சேர்க்காமல்.

சரி, குறையும் சொல்ல வேண்டும். வங்கிக் கிளையைச் சொல்கிறேன், பேர் வேண்டாம். விண்ணப்பம் கொடுத்து பணம் வர நான்கு மாதம். செவ்வாய்க்கிழமை வாங்கம்மா என்பார்கள், செவ்வாய்க்கிழமை போனால் மேனேஜர் மீட்டிங். ஒரு தடவை தீர்மானத்தில் ஒருத்தியின் இனிஷியல் ஆதாரில் இருக்கிற மாதிரி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், 12 பேரும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி கையெழுத்துப் போட்டோம். மாற வேண்டியது இது. 20 லட்சம் வரை அடமானம் இல்லாமல் குழுவுக்குக் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2021லேயே சொல்லியாயிற்று, கவுன்டரில் இருப்பவருக்கு அது யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இப்போது வாரக் கடன். இதில் நல்லதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: வேகம். 2022 கடைசியில் எனக்கு மோட்டார் வைத்த மிஷின் அவசரமாக வேண்டியிருந்தது, தீபாவளித் துணி ஆர்டரைக் காலால் மிதித்து முடிக்க முடியாமல் இரண்டு வாடிக்கை போயிருந்தது. ஒரு பையன் பைக்கில் வந்தான். அஞ்சு பேரைச் சேருங்க அக்கா, அடுத்த வாரம் பணம் என்றான். மத்தியானம் ஒரு மணிக்குச் சொன்னான், சாயங்காலம் நாலு மணிக்கு நாங்கள் ஐந்து பேர் ஒரு குழு. ஃபோட்டோ எடுத்தான், ஓடிபி கேட்டான், ஏதோ உறுதிமொழி படிக்கச் சொன்னான், படித்தோம். எட்டாவது நாள் 40 ஆயிரம், கழித்ததெல்லாம் போக கையில் வந்தது அதைவிடக் குறைவு. மாதத் தவணை 2,100 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மிஷின் வாங்கினேன். அந்த மிஷின் இன்றைக்கும் ஓடுகிறது, பொய் சொல்லக் கூடாது.

இந்த ஐந்து பேர் முறை சும்மா வந்ததில்லை. வங்கதேசத்தில் ஜோப்ரா என்கிற கிராமத்தில் முகம்மது யூனுஸ் 1976இல் ஆரம்பித்ததில் கிளைவிட்டு வளர்ந்தது, ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் சேர்ந்து நின்றால் ஏழைக்கும் கடன் கொடுக்கலாம் என்று காட்டியதற்காக 2006இல் அவருக்கும் கிராமீன் வங்கிக்கும் நோபல் கிடைத்தது. யோசனையில் குற்றமில்லை. ஆனால் மூன்று மணி நேரத்தில் சேர்த்த ஐந்து பேருக்கு அது பொருந்துமா?

எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தோழி. அவள் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை போனது, மூன்று மாதம் பார்த்தார்கள், ஒருநாள் ராத்திரி குடும்பத்தோடு பெங்களூர் பக்கம் போய்விட்டார்கள். அவள் தவணையை மற்ற நான்கு பேர் கட்ட வேண்டுமாம், அதுதான் அன்றைக்குப் படித்த உறுதிமொழி. அந்தப் பையன் என் வீட்டுத் திண்ணையில் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதியிலேயே இருக்கிறது, எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. தெரு முழுக்கப் பார்த்தது. பையனைத் திட்டவும் மனசு வரவில்லை, அவனுக்கும் மாதக் கடைசி டார்கெட், அவனும் எங்களை மாதிரி ஒரு வீட்டுப் பிள்ளைதான், சாப்பிட்டியா என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தேன். நாலு பேரும் சேர்ந்து அவள் பங்கை ஏழு மாதம் கட்டினோம். அந்த ஏழு மாதத்தில் அவளைப் பற்றி நான் பேசிய பேச்சு எனக்கே நினைக்கக் கூசுகிறது. வாங்கிய கடனை வெளியே சொல்லும் கூச்சம் போனது அந்தத் திண்ணை ராத்திரியில்தான், எல்லாருக்கும் தெரிந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது.

இதையே சங்கத்தில் நடந்ததோடு வைத்துப் பாருங்கள். எங்கள் சங்கத்து அக்கா ஒருவரின் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று, நான்கு மாதம் அந்த அக்காவால் தவணை கட்ட முடியவில்லை. கூட்டத்தில் இரண்டு பேர் கத்தினார்கள், ஒருத்தி அழுதாள், கடைசியில் சங்கத்துச் சேமிப்பிலிருந்து வங்கிக்குக் கட்டிவிட்டு, புளி சீசனில் அக்கா தட்டுகிற கூலியில் பாதியைப் பிடித்துக்கொள்வது என்று தீர்மானம் எழுதினோம். புளி சீசன் முடிந்தபோது பாக்கியும் முடிந்தது. அங்கேயும் மானம்தான் அடமானம், ஆனால் அதற்குப் பின்னால் பதினாலு வருஷச் சேமிப்பும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தன. அவசரத்துக்கு வளைந்துகொடுக்கச் சங்கத்தால் முடிந்தது, ஏனென்றால் பணத்தில் ஒரு பங்கு எங்களுடையது, முடிவும் எங்களுடையது. நாங்கள் ஐந்து பேர் இருந்த குழுவுக்கு முடிவெடுக்க எதுவுமே கிடையாது, ஒருத்தியை ஒருத்தி விரட்டுவதுதான் வேலை.

ஆந்திராவில் 2010இல் வாரக் கடன் வசூல் இப்படி முற்றிப் போய்த்தான் அரசு அவசரச் சட்டம் போட்டது. நம் மாநிலத்திலும் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் சட்டம் வந்திருக்கிறது. இந்தியாவில் இந்த வாரக் கடன் அதிகம் ஓடுகிற மாநிலங்களில் நாமும் பீகாரும் முன்னால் நிற்கிறோம். பீகார் சரி, பள்ளிக்கூடமும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் ஓரளவு ஒழுங்காக இருக்கிற நாம் ஏன் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. முப்பது வருஷமாகச் சங்கம் நடத்திக் கூடிப் பேசவும் தவணை கட்டவும் பழகிய பெண்களை அந்த நிறுவனங்கள் தேடிவந்து பிடித்துக்கொண்டன என்றே நான் நினைக்கிறேன். உழுது வைத்த நிலத்தில் வந்து விதைத்துவிட்டுப் போகிற மாதிரி.

அதற்காகச் சங்கம் சொர்க்கம் என்று எழுதினால் எங்கள் ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். எங்கள் 12 பேரும் ஒரே தெரு, ஒரே தெரு என்றால் எங்கள் ஊரில் ஒரே சாதி. காலனியில் தனிச் சங்கம். ஒற்றுமை ஒற்றுமை என்று இவ்வளவு சொன்னேனே, அது தெருமுனையில் நின்றுவிடுகிற ஒற்றுமைதான். மாறியது கொஞ்சம் எங்கே என்றால், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில். எல்லாச் சங்கத்திலிருந்தும் இரண்டிரண்டு பேர் அங்கே உட்கார்ந்தாக வேண்டும், பணம் அந்த வழியாகத்தான் வரும். முதல் வருஷம் எங்கள் தெருக்காரர்கள் சிலர் டீ வேண்டாம் என்று எழுந்து போனார்கள், எதனால் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. பிறகு காலனிச் சங்கத்துப் பெண் ஒருத்தி, பி.காம். படித்தவள், கூட்டமைப்புக் கணக்கு எழுத வந்தாள். எங்கள் கணக்கில் இரண்டு வருஷமாக இருந்த 3,400 ரூபாய்த் தவறை அவள்தான் கண்டுபிடித்துச் சரிசெய்தாள். இப்போது அவள் வராமல் கூட்டம் ஆரம்பிப்பதில்லை, டீயும் அவள் ஊற்றித்தான் குடிக்கிறோம். அன்றைக்கு எழுந்து போனவர்களில் ஒருத்தர் என் மாமியார், அவர் இன்னமும் மாறவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்னொரு மனத்தாங்கல் தள்ளுபடி. கூட்டுறவு வங்கிகளில் குழுக்கள் வாங்கியிருந்த 2,700 கோடிக்கும் மேலான கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு 2021இல் அறிவித்தது. நாங்கள் வாங்கியது தேசிய வங்கியில், அதுவும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தோம். எங்களுக்கு ஒன்றுமில்லை. கஷ்டப்பட்டவர்களுக்குக் கிடைத்ததில் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். அடுத்த இரண்டு கூட்டங்களில் தவணைப் பேச்சு எடுத்தாலே, தேர்தல் வரட்டும் பார்க்கலாம் என்று ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்க ஒரு வருஷம் ஆயிற்று. அப்புறம், அரசு விழா என்றால் எங்களை ஏற்றிப் போக வேன் வந்து நிற்பதும், கேட்காமலே எங்கள் பேர் பட்டியலில் இருப்பதும். காலை உணவுத் திட்டத்தில் சமைப்பதும் சங்கத்துப் பெண்கள், அம்மா உணவகத்தில் இட்லி ஊற்றுவதும் சங்கத்துப் பெண்கள். வேலை கொடுத்ததற்குச் சந்தோஷம்தான், சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம்.

மதிப்பெண் கொடுக்க வேண்டும் இல்லையா. சங்கக் கடனுக்கு 5க்கு 4, குறைத்த ஒன்று வங்கி வாசலில் நின்ற நான்கு மாதத்துக்கு. வாரக் கடனுக்கு 5க்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் மிஷினுக்காக. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மோட்டார் மிஷின் மாதிரி தானே தவணை சம்பாதிக்கிற பொருளுக்கு மட்டும் வாங்குங்கள், ஐந்து பேரை மத்தியானத்தில் சேர்க்காதீர்கள், வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாத் தவணையும் சேர்ந்து போகக் கூடாது என்று விதியே இருக்கிறது, அதைப் பையனிடம் சொல்லிக் காட்டுங்கள்.

போன மாதம் எங்கள் சங்கத்தில் ஒருத்தர் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார், இப்போது 11 பேர், ஒரு இடம் காலி. பெங்களூரிலிருந்து திரும்பி வந்திருக்கிற என் ஆறாம் வகுப்புத் தோழி சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஊக்குநரிடம் கேட்டிருக்கிறாள். மற்றவர்கள், நீ சொன்னால் சரி என்கிறார்கள். என்னிடம் அவள் நேராகப் பேசவில்லை, ஒரு ரவிக்கைத் துணியை மட்டும் தைக்கச் சொல்லி மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இன்னும் வெட்டவில்லை. அளவு ரவிக்கை வைக்க மறந்துவிட்டாள், பழைய அளவு எனக்கு ஞாபகம் இருக்கிறது.