31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அடித்த அச்சகம்: என் அனுபவம்

கல்வெட்டு என்றதும் தமிழ்நாட்டு நண்பர்கள் கோயில் சுவரை நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அது செத்தவீட்டின் 31ஆம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடித்து வீட்டில் சாப்பிட்டு எழும்புகிறவர்கள் கையில் கொடுத்துவிடும் நினைவுப் புத்தகம். முன்னால் படம், உள்ளே இறந்த வருடம், திதியைச் சொல்லும் திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். 2024 ஆடியில் அம்மம்மா போனபோது இந்த வேலை என் தலையில் விழுந்தது. அச்சகத்தின் பெயரைப் போடவில்லை, காரணம் படித்தால் தெரியும்.

முதலில் நல்லது. 48 பக்கம், 300 பிரதி, சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்பே கைக்கு வந்தது. அதுவும் நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஊரெல்லாம் நோட்டீஸ் அடித்து அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாதபோது. (அம்மம்மா 25 நாள் திருவிழாவில் ஒரு நாளும் விடாத மனுசி. அந்த வருடம் துடக்கு, அதாவது தீட்டு, என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கோயில் பக்கம் போகவில்லை.) விலை, நாங்கள் விசாரித்த மூன்று இடத்தில் நடுத்தரம். அட்டை வழுவழுப்பாக, லேமினேட் உரியாமல் இருக்கிறது. படத்தில் மட்டும் கை வைத்துவிட்டார்கள். அம்மம்மாவை இரண்டு மடங்கு வெள்ளையாக்கி, நெற்றிச் சுருக்கத்தை அழிக்கப்போய் திருநீற்றையும் சேர்த்து அழித்திருந்தார்கள். திருநீறில்லாத அம்மம்மாவை நான் பார்த்ததே இல்லை. உடனே மாற்றச் சொன்னேன், முகம் சுளிக்காமல் மாற்றினார்கள்.

அப்புறம் எழுத்து. நான் போனில் யூனிகோடில் தட்டி அனுப்பினேன், அங்கே எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துரு. மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் முதல் புரூவ் ஏதோ வேறு பாஷை மாதிரி வந்தது. ஆனால் ‘கந்தசஷ்டி’யை ‘கந்தசட்டி’ என்று போட்டதற்கு நான் போட்ட சண்டை வீண். அதுவும் சரியான வழக்குத்தான் என்று சித்தப்பா சொல்லி வெட்கப்பட்டேன். அந்த ஒன்றுக்கு அச்சகத்தாரிடம் மன்னிப்பு.

பெரிய பிரச்சினை, அவர்களிடம் இருந்த தயார் வாழ்க்கை வரலாறு. ‘கணவனே கண்கண்ட தெய்வமென வாழ்ந்து, விருந்தோம்பலில் சிறந்து விளங்கி’ என்று ஆரம்பிக்கும், பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிடுவார்கள் போல. எங்கள் தாத்தா கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அம்மம்மா கோயிலுக்குள் போனால் இவர் வெளியே வேப்பமர நிழலில் செருப்புகளுக்குக் காவல். அந்த மனுசனுக்காக அம்மம்மா வருடாவருடம் 21 நாள் கேதாரகௌரி விரதம் பிடித்து, காப்பு நூலை அவர் கையிலும் கட்டிவிடுவார். அவர் மத்தியானம் கண்ணயர்ந்ததும் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். எழும்பினதும் தாத்தா அதைத் துடைக்க மாட்டார், தெரியாத மாதிரியே திரிவார். இதையெல்லாம் தயார் வசனம் எங்கே பிடிக்கும்? கணினியில் இருந்த தங்கச்சி நான் சொல்லச் சொல்ல அங்கேயே அடித்தாள், ‘கண்கண்ட தெய்வம்’ வரியைத் தானாகவே தூக்கினாள். இந்த விமர்சனத்தில் இருக்கும் நட்சத்திரங்களில் பாதி அந்தப் பிள்ளைக்கு.

புரூவைத் தாத்தாதான் பார்த்தார். பேனையோடு ஒவ்வொரு சொல்லாக வாசித்து வந்தவர் நாலாம் பக்கத்தில் நின்றுவிட்டார். பழைய ஃபைலின் மேல் எங்கள் விவரத்தை ஏற்றியதில், அம்மம்மா ‘காலஞ்சென்ற’ தாத்தாவின் அன்பு மனைவி ஆகியிருந்தார். வீட்டில் எல்லாருக்கும் முகம் செத்துப்போனது. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இது கொஞ்சம் அவசரப்பட்டிட்டாங்கள் போல கிடக்கு” என்றார். அதே ஃபைலால் திதி வெண்பாவிலும் வருடம் குரோதிக்குப் பதில் போன வருடத்துச் சோபகிருது. இரண்டையும் திருத்தினார்கள், ஆனால் நாங்கள் பார்த்திருக்காவிட்டால் அப்படியே அச்சேறியிருக்கும். புரூவை வயதானவர் ஒருவரிடம் கொடுங்கள், அவசரத்தில் வட்ஸ்அப்பில் பார்த்து ‘ஓகே’ சொல்லாதீர்கள்.

இன்னொன்று. பாட்டுகளை மிகச் சின்ன எழுத்தில் நெருக்கியிருந்தார்கள், கலர்ப் படங்களுக்கு இடம் வேண்டுமாம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கம் நாலு நாலாகத்தான் கூடும், 52 ஆக்கினால் காசும் கூடும். அம்மம்மாவின் சாமியறைத் தட்டில் இருபதுக்கு மேல் கல்வெட்டுகள் இருக்கின்றன, எல்லாம் சொந்தக்காரர், அயலவர் போனபோது வந்தவை. தினமும் காலையில் அவர் சிவபுராணம் வாசித்தது தன் அக்காவின் கல்வெட்டைப் பார்த்துத்தான், எழுத்துப் பெரிசு என்பதால். 95 அடியும் பாடம், இருந்தாலும் புத்தகம் விரித்திருக்க வேண்டும். அதனால் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் படம் எட்டை எடுத்துவிட்டுச் சிவபுராணத்தைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னோம். கனடாவில் இருக்கும் ஒரு மச்சாளுக்கு இன்னும் கோபம். பக்கத்து வீட்டு ஆச்சி இப்போது கண்ணாடி இல்லாமலே அதைப் பார்த்து வாசிக்கிறா, எனக்கு அது போதும்.

ஐந்துக்கு மூன்றரை. அச்சும் நேரமும் குறை சொல்ல முடியாதவை, கவனம்தான் போதாது. பிடிஎஃப் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் இப்படியான நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள்.

300 போதாமல் பிறகு இன்னும் 50 கேட்டோம், இரண்டு நாளில் தந்தார்கள். எடுக்கப் போகும்போது தாத்தா என்னைக் கூப்பிட்டு, அந்த ஃபைலை அழிக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். எடுத்த ஒரு சொல்லைத் திரும்பப் போட்டால் தனக்கும் சரியாக வருமாம்.