நைரோபியின் கரூரா காடு: வங்காரி மாத்தாயைத் தெரிந்துகொள்ள அரை நாள்

நைரோபி போகிறவர்கள் சிங்கத்தைப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அரை நாள் மிச்சமிருந்தால் கரூராவுக்குப் போங்கள். நகரத்துக்குள்ளேயே சுமார் 1,000 ஹெக்டேர் காடு. 1990களின் கடைசியில் இதைக் கூறுபோட்டு, ஆட்சிக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள். 1999 ஜனவரி 8 அன்று அதை எதிர்த்து மரக்கன்றோடு வந்தார் வங்காரி மாத்தாய், பின்னால் 2004இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற கென்யச் சுற்றுச்சூழல் போராளி. அவர் மண்டையை அடியாட்கள் உடைத்தார்கள். காவல் நிலையத்தில் தன் ரத்தத்தாலேயே புகாரில் கையெழுத்திட்டார் அவர்.

லிமுரு சாலை வாயில் வசதியானது. ரொக்கம் வாங்குவதில்லை. கட்டணமும் செலுத்தும் முறையும் மாறுவதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 2020 ஜூன் முதல் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். நடைபாதைகள் மொத்தம் 50 கிலோமீட்டர் இருக்கும். சந்திப்புகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். வரைபடத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டால் வழி தவறாது. அருவியும், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராளிகள் பதுங்கிய குகைகளும் பக்கத்தில் பக்கத்தில். மழை பெய்திருந்தால் செம்மண் வழுக்கும், செருப்பு வேண்டாம். வாடகை சைக்கிளும் உண்டு, ஆனால் இந்தக் காட்டுக்கு நடைதான் அழகு.

ஒரு குறை. பெண்களுக்காகப் போராடிய வங்காரியை இங்கே மரங்களுக்கு நடுவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். படித்துவிட்டுப் போவது நல்லது. 1977இல் கென்யப் பெண்கள் தேசியக் கவுன்சில் வழியாகத் தொடங்கியதுதான் பசுமை வளைய இயக்கம். விறகுக்கும் தண்ணீருக்கும் மைல்கணக்கில் நடந்த கிராமத்துப் பெண்கள் தாங்களே விதை பொறுக்கி நாற்றங்கால் போட்டார்கள். படித்த வனத்துறையினர் இவர்களால் முடியுமா என்றார்கள். நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கே இயக்கம் காசு கொடுத்தது. தொகை சிறிதுதான். ஆனால் அது அந்தப் பெண்ணின் கைக்கே வந்தது. இந்தக் கணக்கு எங்களுக்கு நோபல் பரிசைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அவர் நினைவாகக் கன்று நட விரும்பினால் முன்கூட்டியே பேசிவிட்டு, மார்ச்–மே அல்லது அக்டோபர்–டிசம்பர் மழைக்காலத்தில் போங்கள். நாற்றுப் பையை முழுதாகக் கிழித்தெடுங்கள். பையோடு புதைத்தால் வேர் சுருண்டு கன்று பட்டுப்போகும். வேரைச் சுற்றியுள்ள மண் உதிரக் கூடாது. நட்டுப் படமெடுத்துவிட்டு வந்தால் கொஞ்ச நாளில் உண்ணிச்செடி மூடிவிடும். நம் ஊர்க் காடுகளைத் தின்னும் அதே செடிதான். களையெடுக்க ஆள் வேண்டும் என்றால், நடுவதை விட்டுவிட்டு அதற்கே போங்கள்.