ஆன்டிமாண்டா, ஷெட்யூட்டிலா, சிலிக்கனிடமே விட்டுவிடலாமா?

லினக்ஸில் எந்தக் கவர்னர் (ப்ராசஸர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் கெர்னல் பகுதி) நல்லது என்று கேட்பதற்கு முன், எந்த டிரைவர் (அந்த வேகத்தை வன்பொருளில் மாற்றும் பகுதி) ஓடுகிறது என்று பாருங்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் (/sys) ஒவ்வொரு சிபியு பாலிசிக்கும், அதாவது ஒன்றாக வேகம் மாறும் கோர்களின் குழுவுக்கும், ஒரு கோப்பகம் உண்டு. அதில் ஸ்கேலிங்_டிரைவர் என்ற கோப்பில் இன்டெல்_பிஸ்டேட் என்று இருந்தால், பக்கத்தில் ஸ்கேலிங்_கவர்னரில் தெரியும் 'பவர்சேவ்' வேறு சரக்கு: சுமைக்கேற்ப வேகம் ஏறி இறங்கும். அதே பெயர் ஏசிபிஐ என்ற பொது டிரைவரின் கீழ் வந்தால் ப்ராசஸர் அடிமட்ட வேகத்திலேயே கட்டுண்டு கிடக்கும். ஒரு கணினிக்குச் சொன்ன அறிவுரையை இன்னொன்றில் போட்டுவிட்டு 'மெஷின் ஆமையாகிவிட்டது' என்று புலம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்டெல்_சிபியுஃப்ரீக், ஏசிபிஐ, அல்லது ஆர்ம் போர்டுகளின் டிரைவர் என்றால் முடிவெடுப்பது கெர்னல் கவர்னர். அங்கே உண்மையான போட்டி ஆன்டிமாண்டுக்கும் ஷெட்யூட்டிலுக்கும்தான். முன்னது 2004 முதல் இருக்கிறது. பின்னது 2016-இல் 4.7 கெர்னலோடு வந்தது.

ஆன்டிமாண்ட் செய்வது எளிமையானது. சாம்ப்ளிங் இடைவெளிக்கு ஒருமுறை (பொதுவாக 10 மில்லிசெகண்ட் அளவு) 'கடந்த இடைவெளியில் கோர் எத்தனை சதவீத நேரம் வேலை செய்தது' என்று பார்க்கும். அப்_த்ரெஷோல்ட் என்ற எல்லைச் சதவீதத்தைத் தாண்டினால் நேரே உச்ச வேகம். தாண்டாவிட்டால் குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் இடையே விகிதப்படி ஓர் அதிர்வெண். சிக்கல், அந்தச் சதவீதம் எந்த வேகத்தில் அளக்கப்பட்டது என்பதை அது கண்டுகொள்ளாததில் இருக்கிறது.

800 முதல் 3200 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் ஒரு கோர். அதில் ஒரு வேலை 800 மெகாஹெர்ட்ஸில் 60 சதவீத நேரம் ஓடுகிறது. அதாவது நிஜத் தேவை 480 மெகாஹெர்ட்ஸ்தான். ஆன்டிமாண்டின் கணக்கு: 800 + 0.60 × 2400 = 2240. அந்த வேகத்தில் அதே வேலைக்கு 21 சதவீத நேரம் போதும், ஆகவே அடுத்த முறை 1314. அங்கே சுமை 37 சதவீதம் ஆகிவிடுவதால் திரும்பவும் ஏறி 1677. இப்படி ஆடி ஆடிக் கடைசியில் ஏறக்குறைய 1545-இல் நிற்கும். 480-க்கு 1545! வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூடும். மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு உயர்வதால் இந்த வித்தியாசம் பேட்டரியில் தெரியும்.

ஷெட்யூட்டில் அதே வேலையின் தேவையை ஷெட்யூலரின் (எந்த வேலை எப்போது எந்தக் கோரில் ஓடும் என்று தீர்மானிக்கும் கெர்னல் பகுதி) பயன்பாட்டு அளவிலிருந்து எடுக்கிறது. அந்த அளவு அதிர்வெண்ணுக்கேற்பத் திருத்தப்பட்டது, ஆகவே கோரின் முழுத் திறனில் இது 15 சதவீதம். சூத்திரம் 1.25 × உச்ச வேகம் × பயன்பாடு: 1.25 × 3200 × 0.15 = 600. அது குறைந்தபட்சத்துக்கும் கீழே, எனவே 800-இலேயே அசையாமல் இருக்கும். கவனிக்க: இந்தத் திருத்தம் எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்கள்) 5.7 கெர்னலில்தான் வந்தது. அதற்கு முந்தைய கெர்னலில் ஷெட்யூட்டிலைப் போட்டுவிட்டு ஏமாந்தவர்களின் குறையில் நியாயம் உண்டு.

ஆனால் ஷெட்யூட்டிலுக்கும் ஒரு விலை இருக்கிறது. பயன்பாட்டு அளவு 32 மில்லிசெகண்ட் அரை ஆயுளோடு (அவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மிச்சத் தூரம் பாதியாகும்) மெல்ல ஏறும். பூஜ்யத்திலிருந்து கிளம்பும் ஒரு கனத்த வேலை, உச்ச வேகம் கேட்கத் தேவையான 80 சதவீதத்தை எட்டக் குறைந்தது 74 மில்லிசெகண்ட் ஆகும். குறைந்த வேகத்தில் இருக்கும்போது அளவும் மெதுவாகவே வளர்வதால் நடைமுறையில் இன்னும் கூடும். அதற்குள் 60 ஹெர்ட்ஸ் திரையில் நான்கு ஃபிரேம் போயிருக்கும். 4.17 கெர்னலில் வந்த பயன்பாட்டு மதிப்பீடு, தூங்கி எழும் பழைய வேலைகளுக்கு இந்தக் குறையைப் பெருமளவு தணிக்கிறது. புத்தம்புது வேலைக்கு அது கைகொடுக்காது. ஆன்டிமாண்டோ ஓரிரு சாம்ப்ளில் உச்சத்துக்குத் தாவிவிடும். திடீர்ச் சுமைக்கு உடனே பதில் வேண்டும், மின்செலவு பரவாயில்லை என்றால் ஆன்டிமாண்ட் இன்னும் செத்துவிடவில்லை.

ஷெட்யூட்டிலில் மந்தம் தெரிந்தால் முதலில் ரேட்_லிமிட்_யுஎஸ் கோப்பைப் பாருங்கள். 10000 என்றிருந்தால் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் வேகம் மாறும். 1000 அல்லது 2000 ஆக்கிப் பார்க்கலாம். மின்னழுத்தத்தை மெதுவான பஸ் வழியே மாற்றும் போர்டுகளில் இதை அளவுக்கு மீறிக் குறைத்தால், வேகம் மாற்றுவதற்கென இருக்கும் கெர்னல் த்ரெட்டே கோரை எழுப்பிக்கொண்டிருக்கும். அதற்கு மாறாக வேகம் எப்போதும் உச்சத்தில் நின்றால், எங்கோ ஒரு ரியல்டைம் த்ரெட் (மற்ற வேலைகளை முந்தி ஓடும் உரிமை பெற்றது) ஓடுகிறதா என்று தேடுங்கள். அவற்றுக்கு ஷெட்யூட்டில் இயல்பாகவே உச்ச வேகம் கேட்கும். யுகிளாம்ப் (பயன்பாட்டு அளவுக்குக் கீழ், மேல் எல்லை வைக்கும் வசதி) சேர்த்துக் கட்டிய கெர்னலில் ரியல்டைமுக்கான இயல்பான குறைந்தபட்ச மதிப்பு 1024, அதாவது முழுத் திறன். அதைக் குறைத்தால் இந்தப் பிடிவாதம் தளரும். பெரிய, சிறிய கோர்கள் கலந்த சிப்பில் மின்செலவு பார்த்து வேலையைப் பிரிக்கும் ஷெட்யூலர் வசதி வேண்டுமானால், ஷெட்யூட்டில் தவிர வேறு வழியில்லை.

வேகத்தைப் படிப்படியாக மாற்றும் கன்சர்வேட்டிவ் கவர்னர் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒரு படி என்பது உச்ச வேகத்தில் 5 சதவீதம். மேலே சொன்ன கோரில் அது 160 மெகாஹெர்ட்ஸ், ஆக உச்சம் தொட 15 படி. 10 மில்லிசெகண்ட் சாம்ப்ளிங்கில் 150 மில்லிசெகண்ட். அதற்குள் பெரும்பாலான வேலைகள் முடிந்தே போயிருக்கும்.

மூன்றாவது வழி, முடிவை ப்ராசஸரிடமே விடுவது. இன்டெல்லில் எச்டபிள்யுபி (வன்பொருளே வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி), ஏஎம்டியில் 6.3 கெர்னலிலிருந்து ஏஎம்டி_பிஸ்டேட்டின் ஆக்டிவ் முறை. கெர்னல் எல்லைகளையும் 0 முதல் 255 வரையிலான ஒரு விருப்ப எண்ணையும் மட்டும் எழுதும். 0 வேகத்தின் பக்கம், 255 சிக்கனத்தின் பக்கம். சிப் தன் சொந்த மின்சாரத்தையும் வெப்பத்தையும் அறிந்து முடிவெடுப்பதால், மடிக்கணினிகளில் இதையே இயல்பாக விடுவது சரி. ஏஎம்டியின் கைடட் முறை நடுவே நிற்கிறது: கெர்னல் கீழ், மேல் எல்லை சொல்லும், இடைப்பட்டதைச் சிப் பார்த்துக்கொள்ளும். எச்டபிள்யுபி இல்லாத பழைய இன்டெல்லில் 5.8 முதல் பாஸிவ் முறையே (டிரைவர் பெயர் இன்டெல்_சிபியுஃப்ரீக், முடிவு கெர்னல் கவர்னருடையது) இயல்பு, ஆகவே அங்கே மறுபடியும் ஷெட்யூட்டில்தான் பேச்சு.

முடிவைச் சிப்பிடம் விடும் முறையில் அடிக்கடி இடறும் இடம் ஒன்று. கவர்னரைப் பெர்ஃபார்மன்ஸில் வைத்துவிட்டு விருப்ப எண்ணைச் சிக்கனத்துக்கு மாற்றப் பார்த்தால் 'டிவைஸ் பிஸி' என்று பிழை வரும். கவர்னரைப் பவர்சேவுக்கு மாற்றிவிட்டு எழுதினால் ஏற்கும். எழுதியது சற்று நேரத்தில் தானாகவே மாறிவிட்டால் கெர்னலைச் சந்தேகிக்க வேண்டாம். டெஸ்க்டாப்பின் பவர் ப்ரொஃபைல் டீமனோ டிஎல்பியோ (மின்செலவை நிர்வகிக்கும் பின்னணி நிரல்கள்) பின்னால் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒன்றாக ஓட விடாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஸ்கேலிங்_கர்_ஃப்ரீக் கோப்பு காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பல டிரைவர்களில் அது கடைசியாகக் கேட்ட வேகம், கிடைத்த வேகம் இல்லை. எக்ஸ்86-இல் டர்போஸ்டாட் கருவியின் பிஸி மெகாஹெர்ட்ஸ் பத்தியையும் (வேலை செய்த நேரத்தில் கிடைத்த வேகம்) வாட் பத்தியையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே வேலையை ஒவ்வொரு கவர்னரிலும் ஓட்டி, முடிக்க எடுத்த நொடியைச் சராசரி வாட்டால் பெருக்கினால் செலவான ஆற்றல் ஜூலில் கிடைக்கும்.