மழைக்குள் ஒரு சனி, ஞாயிறு: மட்டக்களப்பிலிருந்து செல்வோருக்குக் கார்டிஃப் நகரம் எப்படி?

மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்க இலண்டன் செல்கின்ற பெற்றோரில் பலர் வேல்ஸ் நாட்டுக்கும் ஒரு முறை போய்த் திரும்பியிருப்பார்கள். இலங்கையில் பிறந்த குரு ஸ்ரீ சுப்பிரமணியம் 1973இல் வேல்ஸில் தொடங்கிய ஸ்கந்தவேல் ஆச்சிரமத்தில் முருகனைத் தரிசிப்பதற்காக விடியப்புறம் வாகனத்தில் ஏறி, எம் 4 நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கி மணிக்கணக்காக ஓடி, பூசை முடிந்ததும் அன்றிரவே திரும்பிவிடுவது அங்குள்ள நம்மவர்களின் வழக்கம். அந்த நெடுஞ்சாலை வேல்ஸின் தலைநகரான கார்டிஃப்பின் வடக்கு விளிம்பைத் தொட்டுக்கொண்டுதான் செல்கிறது. ஆனாலும், "மழைக்குள்ள அங்க என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்ற கேள்வியோடு அந்த நகரம் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ஐப்பசிக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு அங்கே தங்கி, இரண்டு நாளும் மழைக்குள்ளேயே சுற்றிப் பார்த்தவன் என்ற முறையில், அக்கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன்.

ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் மட்டக்களப்பில் பெய்யும் மழையே கூடுதலானது. நமக்கு அது மாரியில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பின்னர் மாதக்கணக்கில் முகம் காட்டுவதில்லை. கார்டிஃப்பிலோ அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வீசும் தென்மேற்குக் காற்று, ஆண்டுக்கு 1,100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. கோடையில் சென்றால் மழை சற்றுக் குறைவு என்பதோடு இரவு ஒன்பது மணி வரை வெளிச்சமும் இருக்கும். நவம்பரில் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். அங்குள்ள மழை பெரும்பாலும் தூறலாகவே விழுகிறது, ஆனால் காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிப்பதால் குடை பயன்படாது. தலையை மூடும் தொப்பியுடன் கூடிய மழையங்கியும் நீர் புகாத சப்பாத்தும் கட்டாயம் வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மழை ஒரு தடையே அல்ல என்பதை உறுதியாகச் சொல்வேன். ஏனெனில் இந்நகரத்தில் பார்க்கத்தக்கவற்றில் பெரும்பகுதி கூரைக்குக் கீழே இருக்கிறது.

பயணம் எளிது. பிரித்தானிய விசாவே வேல்ஸுக்கும் செல்லும். தனி அனுமதி எதுவும் தேவையில்லை. இலண்டன் பெடிங்டன் நிலையத்திலிருந்து புகையிரதத்தில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆகிறது. செவர்ன் கழிமுகத்துக்கு அடியால் 1886இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்ததும் வேல்ஸ் தொடங்கிவிடுகிறது. பயணச்சீட்டை வாரங்களுக்கு முன்னரே வாங்கினால் விலை வெகுவாகக் குறையும். பேருந்து அதைவிட மலிவு, நேரம் மட்டும் கூடுதலாக எடுக்கும். ஆனால் செல்ல நினைக்கும் நாளில் றக்பி ஆட்டம் உள்ளதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடித் திறக்கும் கூரையைக் கொண்ட, ஏறத்தாழ 74,000 பேர் அமரக்கூடிய விளையாட்டரங்கு நகரின் நடுவிலேயே நிற்கிறது. சர்வதேச ஆட்டம் நடக்கும் நாட்களில் விடுதிக் கட்டணம் பன்மடங்காகும், புகையிரதத்தில் நிற்கவும் இடம் கிடைக்காது.

நிலையத்திலிருந்து வெளியே வந்தவுடன் மழை பிடித்துக்கொண்டால், கண்ணாடிக் கூரை வேய்ந்த கடைவீதிகளுக்குள் நுழைந்துவிடலாம். 1858இல் கட்டப்பட்ட றோயல் ஆர்கேட் தொடக்கம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த இந்த ஒடுங்கிய வீதிகளில், 1894 முதல் இயங்கிவரும் ஸ்பில்லர்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையும் உள்ளது. உலகின் மிகப் பழைய இசைத்தட்டுக் கடை என்று அது அறியப்படுகிறது. வெல்ஷ் கேக் என்னும் சிறிய வட்டப் பலகாரத்தை இரும்புத் தட்டில் சூடாகச் சுட்டுத் தருகிறார்கள். உலர்ந்த திராட்சை கலந்த அது தேநீருக்கு மிகப் பொருத்தமானது. ஆயினும் பழைய செய்முறையில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு என்பதால், சைவ உணவுக்காரரும் முஸ்லிம் நண்பர்களும் வெண்ணெயில் செய்ததா என்று கேட்டு வாங்குவது நல்லது.

கோட்டையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, ஏனெனில் எல்லாச் சுற்றுலாக் கையேடுகளும் அதையே எழுதியிருக்கின்றன. உரோமர் படைமுகாம் இருந்த இடத்தில் நோர்மானியர் எழுப்பிய மேட்டுக் கோபுரத்தைக் காட்டிலும், மூன்றாவது பியூட் பிரபு வில்லியம் பேர்ஜஸ் என்ற கட்டிடக் கலைஞரைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலங்கரித்த மாளிகை அறைகளே பார்க்க வேண்டியவை. அவற்றில் சிலவற்றைக் காண்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அதைக் கொடுப்பது தகும். பொன் தகடு வேய்ந்த அரபு அறையின் கூரையை அண்ணாந்து பார்க்கும்போது, அந்தப் பொன் அனைத்தும் நிலக்கரியிலிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் வெட்டிய நிலக்கரியை ஏற்றுமதி செய்வதற்கு 1839இல் முதல் கப்பற்றுறையைத் திறந்தவர் இந்தப் பிரபுவின் தந்தையார்தான். கோட்டை மதிலுக்குள் இருக்கும் நடைவழிகள் இரண்டாம் உலகப் போரில் 1,800 பேர் வரை ஒதுங்கக்கூடிய விமானக் குண்டுப் பாதுகாப்பிடமாகப் பயன்பட்டன. பதுங்குகுழி வாழ்க்கையை அறிந்த நம் தலைமுறையினர் பலருக்கு, மாளிகை அறைகளைவிட அந்த இருண்ட நடைவழியே மனதில் நீண்ட நேரம் நிற்கும்.

அதே நிலக்கரிச் செல்வம் வேறொரு குடும்பத்தில் வேறு வகையாகச் செலவானதை, அருகிலுள்ள தேசிய நூதனசாலையில் காணலாம். சுரங்கங்களாலும் பரி துறைமுகத்தாலும் பெரும் பொருளீட்டிய டேவிட் டேவிஸின் பேத்திகளான குவென்டொலின், மார்கரெட் என்ற சகோதரிகள், பிரெஞ்சு ஓவியங்களை இளவயதிலேயே தேர்ந்து வாங்கிச் சேர்த்து, இறுதியில் நாட்டுக்கே எழுதிவைத்தார்கள். மொனேயின் அல்லி மலர்களும் ரெனுவாவின் நீல உடைப் பெண்ணும் அவர்கள் தந்தவை. இவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, வின்சென்ட் வான் கோ 1890 யூலையில், தமது இறப்புக்குச் சில நாட்களுக்கு முன் தீட்டிய "மழை – ஓவேர்" என்ற ஓவியம். கோதுமை வயல்கள், தொலைவில் ஊர், மேலே காகங்கள். எல்லாவற்றுக்கும் குறுக்கே சாய்ந்து விழும் நீண்ட கோடுகளாக மழை. வயல் வெளியில் மழை திரண்டு வருவதை மண்முனையிலோ சம்மாந்துறையிலோ வரம்பில் நின்று கண்டவருக்கு, அந்தக் கோடுகள் எவ்வளவு உண்மையானவை என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. நுழைவு இலவசம்; திங்கட்கிழமை மூடியிருக்கும். இத்தகைய செல்வத்தை வைத்திருக்கும் கட்டிடத்தின் கூரையே ஒழுகுகிறது என்பது 2024இல் செய்தியானபோது பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

கார்டிஃப் வளைகுடாவுக்கு நடந்தோ, குறுகிய தூரப் புகையிரதத்திலோ, கோட்டைக்கு அருகிலிருந்து ஆற்றுவழிப் படகிலோ செல்லலாம். 1913இல் கோடி தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி ஏறிப்போன துறைமுகம் அது. சோமாலியர், யேமனியர், மேற்கிந்தியர் எனப் பல நாட்டுக் கடலோடிகள் குடியேறிய பகுதியும் அதுவே. அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 1897இல் எழுந்த செங்கல் நிற பியர்ஹெட் கட்டிடம், 2004இல் திறக்கப்பட்ட மிலேனியம் கலையரங்கு, 2006இல் திறக்கப்பட்ட வேல்ஸ் பாராளுமன்றமான செனெத் ஆகியவை ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. செனெத்தின் அகன்ற கூரையில் விழும் மழைநீரைச் சேகரித்துக் கழிப்பறைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். 2011ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெல்ஷ் மொழி அங்கே அரச கரும மொழியாகியது. பெயர்ப்பலகைகளிலும் அறிவிப்புகளிலும் அது ஆங்கிலத்தோடு சமமாக, பிழையின்றி எழுதப்பட்டிருப்பதைக் கண்டபோது, நமது அரச அலுவலகங்களின் தமிழ்ப் பலகைகளை நினைத்து ஏக்கமுற்றேன்.

வாவிக் கரையில் வாழ்பவர்கள் அங்கே நின்று பார்க்க வேண்டியது அணைக்கட்டைத்தான். செவர்ன் கழிமுகத்தின் வற்றுப்பெருக்கு உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. நீர் வற்றும்போது இந்த வளைகுடா முழுவதும் சேற்று வெளியாகிவிடும். அது முதலீட்டாளர்களைக் கவராது என்று கருதிய அரசு, 1993இல் சட்டம் இயற்றி, 1.1 கிலோமீற்றர் நீளமான அணையால் கடலை மறித்தது. 1999இல் பணி முடிந்ததும் டாஃப், ஈலை என்ற இரு ஆறுகளின் நீர் தேங்கி 200 ஹெக்டெயர் நன்னீர் ஏரி உருவாகியது. படகுகள் கடப்பதற்கு மூன்று அடைப்புவாயில்கள், சல்மன் மீன் ஏறிச் செல்வதற்குத் தனிவழி, வெள்ளத்தை வெளியேற்றக் கதவுகள் என எல்லாம் சீராக அமைந்துள்ளன. நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்பதால் காற்றையும் செலுத்துகிறார்கள். அணைமீது நடக்கும் பாதை அழகானது, கட்டணமும் இல்லை. ஆயினும் அந்தச் சேற்றில் இரை தேடி வந்த கரைப்பறவைகள் தமது இடத்தை இழந்தன; அதற்கு ஈடாக நியூபோர்ட் அருகே ஈரநிலக் காப்பகமொன்றை அமைக்க வேண்டியிருந்தது. மாரி வெள்ளத்தில் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று ஆண்டுதோறும் வாதிடும் நமது வாவிக்கரை மக்கள், மீனவர் சங்கத்தவர், மாநகர சபையினர் யாராயினும், இந்த அணையில் ஒரு மணி நேரமாவது நின்று, எது கிடைத்தது, எது போனது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கடலையும் வாவியையும் நிரந்தரமாகப் பிரிக்கும் வேலை நமது இறாலுக்கும் நண்டுக்கும் ஒத்துவராது என்பதே, அந்த அமைதியான ஏரியைப் பார்த்த பின் எனது கருத்து.

பரிந்துரைக்க முடியாத இரண்டையும் சொல்ல வேண்டும். முதலாவது, மேல்தட்டுத் திறந்த சுற்றுலாப் பேருந்து. மழையில் மேலே உட்கார முடியாது. கீழே உட்கார்ந்தால் கண்ணாடியில் படியும் ஆவியால் எதுவும் தெரியாது. நடுநகரம் நடந்தே முடிக்கக்கூடிய அளவினது என்பதால் அந்தப் பணம் வீண். இரண்டாவது, விலையை மட்டும் பார்த்து அறை எடுப்பது. நான் தங்கிய இடத்தில் சுவரில் ஈரம் ஊறியிருந்தது, வெப்பமூட்டி இரவு எட்டு மணிக்குப் பிறகே இயங்கியது, நனைந்த உடுப்புகள் மறுநாளும் காயவில்லை. நமது நாட்டிலிருந்து செல்லும் வயதானவர்களுக்கு இது நோயில் முடியும். வெப்பமூட்டி எந்நேரமும் இயங்குமா என்பதை எழுத்தில் கேட்டறிந்த பின்னரே பதிவு செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையை முழுவதுமாகச் சென்ற் ஃபேகன்ஸ் தேசிய வரலாற்று நூதனசாலைக்கு ஒதுக்குங்கள். நகருக்கு மேற்கே சில கிலோமீற்றர் தொலைவில், நகரப் பேருந்தில் செல்லக்கூடிய இடம். நுழைவுக் கட்டணம் இல்லை. வாகனம் நிறுத்தவே கட்டணம். 1948இல் திறக்கப்பட்ட இந்த இடத்தில், வேல்ஸின் பல பகுதிகளில் அழியவிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டிடங்களைக் கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். தீய ஆவிகள் அண்டாதிருக்கச் செந்நிறம் பூசிய கெனிக்ஸ்ரன் பண்ணைவீடும், வெள்ளைப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சுவரோவியங்களை ஆதாரமாகக் கொண்டு 1530ஆம் ஆண்டளவில் இருந்தவாறு மீளத் தீட்டிய சென்ற் ரெய்லோ தேவாலயமும் அங்கே உள்ளன. சுரங்கத் தொழிலாளர் தமது சம்பளத்திலிருந்து சேர்த்த பணத்தில் நடத்திய, நூலகமும் மண்டபமும் கொண்ட ஓக்டேல் நிலையத்துக்குள்ளும் சென்று வரலாம்.

இவற்றுள் முதலிடம் றிட்-இ-கார் தொடர்வீடுகளுக்கே. மேர்தர் டிட்வில் ஊரின் இரும்புத் தொழிலாளர் குடியிருந்த ஆறு சிறு வீடுகளை 1805, 1855, 1895, 1925, 1955, 1985 என ஆறு காலங்களுக்குரியவையாக அமைத்திருக்கிறார்கள். ஒரு வாசலால் நுழைந்து அடுத்த வாசலுக்குள் செல்லும்போது அரிக்கன் விளக்கு போய் மின்குமிழ் வருகிறது, வெறுந்தரையில் விரிப்பு வருகிறது, கடைசி வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. மன்னரும் பிரபுவும் அல்ல, கூலிக்குப் போன குடும்பம் எப்படிச் சமைத்தது, எங்கே படுத்தது என்பதே அங்கே வரலாறாகக் காக்கப்பட்டுள்ளது. 1978 சூறாவளியிலும் போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் நமது கரையோர ஊர்களின் பழைய மண்வீடுகள் அழிந்தபோது, அவற்றில் ஒன்றையாவது இப்படிக் கழற்றிக் காக்க நமக்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. அங்குள்ள கம்பளி ஆலையில் இன்றும் தறி இயங்குகிறது. நெசவாளர் நெய்துகொண்டே வந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். மருதமுனையிலும் காத்தான்குடியிலும் கைத்தறி ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் அந்த ஆலையை விட்டு இலகுவில் நகரமாட்டார்கள்.

வீடுகளின் அடுப்புகளில் பெரும்பாலும் நெருப்பு எரிவதால் நனைந்து வந்தவர்கள் குளிர்காய முடியும். கற்பாதைகள் மழையில் வழுக்குகின்றன, வாசல்கள் தாழ்வானவை, முழங்கால் வலி உள்ளவர்களை அவசரப்படுத்தக் கூடாது. காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுகிறார்கள். பிற்பகலில் போய்ச் சேர்ந்தால் பாதியைக்கூடப் பார்க்க முடியாது என்பதால், பெட்டிகளை நிலையத்துக்கு அருகில் ஒப்படைத்துவிட்டு முதல் பேருந்திலேயே புறப்பட்டு, இலண்டன் திரும்பும் புகையிரதத்துக்கு இரவு ஏழு மணிக்குப் பிந்திய சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.