ஜோர்டனின் ரூக்கி எது? ஸ்டார் 101, ஃப்ளீர் 57, ஃப்ளீர் ஸ்டிக்கர் 8

வீரர்களின் படம் போட்ட 1980களின் கூடைப்பந்துச் சேகரிப்புக் கார்டுகளில் பெரிய தொகை போட நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது மைக்கேல் ஜோர்டனின் மூன்று கார்டுகளுக்கு முன்னால்தான். 1984-85 ஸ்டார் செட்டின் 101-ஆம் எண், 1986-87இல் ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட செட்டின் 57-ஆம் எண், அதே ஃப்ளீர் பாக்கெட்டில் வந்த 8-ஆம் எண் ஸ்டிக்கர். மூன்றில் எது அரிது, எது சுலபமாக விற்கும், எதில் போலி அதிகம் என்ற மூன்று கேள்விகளுக்கும் மூன்று வேறு பதில்கள் வரும். குழப்பமே அங்கேதான்.

ஜோர்டன் சிகாகோ புல்ஸுக்கு வந்தது 1984இல். டாப்ஸ் நிறுவனம் 1981-82க்குப் பிறகு என்பிஏ கார்டு அடிப்பதையே நிறுத்தியிருந்தது. அந்த இடைவெளியில் உரிமம் வாங்கிக் கார்டு வெளியிட்டது ஸ்டார் என்ற சிறு நிறுவனம். அதன் கார்டுகள் பெட்டிக்கடைக்குப் போகவில்லை. அணிவாரியாகப் பிளாஸ்டிக் பையில் அடைத்து, கார்டு வியாபாரிகள் மூலமாக மட்டும் விற்றார்கள். 1984-85 செட்டில் மொத்தம் 288 கார்டுகள். புல்ஸ் பையில் இருந்தவை 101 முதல் 112 வரை, ஜோர்டன்தான் முதல் எண். அதே செட்டில் ஒலிம்பிக் உடையில் 195-ஆம் எண்ணும், கடைசியாக 288-ஆம் எண்ணும் அவருக்கே.

பையில் விற்றதால்தான் வந்தது வினை. பாக்கெட்டில் போட்டு நாடு முழுக்க விற்ற ஒரு வீரரின் முதல் கார்டைத்தான் ரூக்கி என்போம் என்று பெக்கெட் விலைப்பட்டியல் வரையறை வைத்திருந்தது. அதனால் ஸ்டார் 101-க்கு 'எக்ஸ்ஆர்சி' (எக்ஸ்டெண்டட் ரூக்கி கார்டு) என்று ஒட்டுப்போட்ட பெயர், 57-க்கு முழு ரூக்கிப் பட்டம். ஆள் லீகுக்கு வந்து இரண்டு வருடம் கழித்து வந்த கார்டை 'முதல்' என்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் சந்தை நாற்பது வருடமாக அப்படியே பழகிவிட்டது, விலையும் அந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

ஃப்ளீர் 57 அரிதான கார்டு இல்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். செட்டில் 132 கார்டு, ஒரு பாக்கெட்டில் 12 கார்டு, ஒரு ஸ்டிக்கர், ஒரு சூயிங்கம். பெட்டிக்கு 36 பாக்கெட். அதாவது ஒரு பெட்டியில் 432 கார்டு. கணக்குப்படி மூன்று ஜோர்டனுக்குக் கொஞ்சம் மேல். கார்டின் நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் (கிரேடு) போடும் பிஎஸ்ஏ நிறுவனம் மட்டுமே இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட 57-களைக் கிரேடு செய்திருக்கிறது. அதில் 10 வாங்கியவை முந்நூற்றுச் சொச்சம். அரிது என்பது கார்டு இல்லை, அந்தப் பத்துதான்.

பத்து ஏன் கிடைப்பதில்லை? முதல் காரணம் ஓரம். சிவப்பும் நீலமுமான பட்டை வெட்டு விளிம்பு வரை போகிறது. கத்தி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும், விரல் நகம் பட்டாலும் மை உதிர்ந்து வெள்ளை எட்டிப் பார்க்கும். இரண்டாவது மையப்படுத்தல். பத்துக்கு முகப்பில் இருபுற ஓரங்களின் விகிதம் 55/45-ஐத் தாண்டவே கூடாது. 57-இல் இடம் வலம் சாய்வது சர்வசாதாரணம். மூன்றாவது, அச்சில் விழுந்த மைப்புள்ளிகள்.

2021 ஜனவரியில் கோல்டின் ஏலத்தில் இரண்டு பத்துகள் தலா 7,38,000 டாலருக்குப் போயின. சில மாதங்களிலேயே விலை அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே பத்தைத் துரத்துவதை ஏலக்காரர்களுக்கு விட்டுவிடலாம். நன்றாக மையத்தில் நிற்கும் 6 அல்லது 7, சாய்ந்து நிற்கும் 8-ஐ விடக் கண்ணுக்கும் அழகு, விற்கும்போதும் ஆள் கிடைக்கும். கிரேடு எண்ணுக்குப் பக்கத்தில் 'ஓசி' என்று இருந்தால் மையம் தவறியது என்று அர்த்தம். விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.

போலி விஷயத்தில் 57 ஒரு பெரிய கடல். பெரும்பாலானவை அசலை ஸ்கேன் செய்து அடித்தவை, அதனால் பிடிப்பது சுலபம். 10 மடங்கு உருப்பெருக்கி ஒன்று போதும். அசலில் படம் மட்டும் புள்ளிக் கோலமாகத் தெரியும். கறுப்பு எழுத்தும் கோடுகளும் திட்டமாக, புள்ளியின்றி இருக்கும். ஸ்கேன் போலியில் எழுத்தும் புள்ளியாகச் சிதறும். ஒப்பிட்டுப் பார்க்க, அதே செட்டின் பிரபலமில்லாத வீரர் கார்டு ஒன்றை மலிவாக வாங்கி வையுங்கள். தாளின் தடிமன், பின்பக்க நிறம், அளவு எல்லாம் அதை வைத்தே தெரிந்துவிடும். அளவு 63.5 × 88.9 மி.மீ. ஒரு பக்கம் மட்டும் குறைந்து, அந்த ஓரம் மட்டும் புத்தம்புதிதாகக் கூர்மையாக இருந்தால் யாரோ ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள். சீவிய கார்டுக்கு எண் கிரேடு கிடைக்காது.

ஸ்டார் 101-இல் கதை வேறு. எண்ணிக்கையில் 57-ஐ விட எவ்வளவோ குறைவு, வருடத்திலும் மூத்தது. ஆனால் பழைய தேதி போட்டுப் பின்னாளில் அச்சான ஸ்டார் கார்டுகள் 1990களில் சந்தையில் புழங்கின. 101-க்கு வெளியார் அடித்த போலிகளும் உண்டு. அந்தச் சந்தேகத்தால் பிஎஸ்ஏ பல வருடம் ஸ்டார் கார்டுகளைத் தொடவே இல்லை, 2022இல்தான் மீண்டும் எடுத்தது. அதுவரை நம்பகமான கிரேடு என்றால் பெக்கெட்டுடையதே. ஆகவே பழைய 101-கள் பெரும்பாலும் பெக்கெட் கிரேடு செய்து மூடிய பிளாஸ்டிக் கூட்டில்தான் இருக்கும். கூடு இல்லாத 101-ஐ, விற்பவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் வாங்க வேண்டாம். 57-க்குச் சொன்ன உருப்பெருக்கிச் சோதனை இங்கே போதாது. வெட்டுச் சாய்வும் பைக்குள் உரசிய ஓரமும் ஸ்டாரில் சகஜம், அதனால் 8 வந்தாலே நல்ல கார்டு.

ஸ்டிக்கரைப் பலர் கண்டுகொள்வதில்லை. 11 வகை, பாக்கெட்டுக்கு ஒன்று. 57 வரும் வாய்ப்பும் பாக்கெட்டுக்குப் பதினொன்றில் ஒன்றுதான். ஆக இரண்டும் ஒரே அளவில்தான் கடைக்கு வந்தன. ஆனால் பிள்ளைகள் ஸ்டிக்கரை உரித்து ஒட்டினார்கள். போதாக்குறைக்குப் பாக்கெட்டின் கடைசியில் மெழுகுத் தாளை ஒட்டியே இருந்ததால் பின்பக்கம் மெழுகுக் கறை ஏறும். தாளில் ஊறிய கறை போகாது. துடைக்கப் போனால் பளபளப்புக் கெடும். வாங்கும்போது பின்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், வெட்டுக்கோட்டில் மூலை தூக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். விலை 57-ஐ விடக் குறைவு, ஆனால் கறையில்லாத பிரதி 57-ஐ விடவும் அரிது.

அவசரத்துக்குப் பணமாக்க வேண்டியவருக்கு 57. நீண்ட நாள் வைத்திருக்கத் தெம்பு உள்ளவருக்கு 101, அதுவும் கூட்டோடு. கையில் இருப்பது குறைவு என்றால் கறையில்லாத ஸ்டிக்கர், அல்லது 1987-88 ஃப்ளீரின் 59-ஆம் எண் ஜோர்டன்.

கூட்டையும் கண்ணை மூடி நம்பிவிடாதீர்கள், போலிக் கூடுகளும் உலவுகின்றன. சான்று எண்ணைக் கிரேடு செய்த நிறுவனத்தின் தளத்தில் போட்டால் பதிவு வரும், ஆனால் அந்த எண்ணையே திருடி ஒட்டியிருப்பார்கள். தளத்தில் படம் இருந்தால் மையச் சாய்வையும் மைப்புள்ளிகளையும் கையில் இருப்பதோடு ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.